அக்கா மூடி வைத்த பச்சை டப்பா

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இன்றும் கதவைத் திறந்ததும் வாய் அக்காவைத்தான் கூப்பிடுகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்கா போட்ட காபியைக் குடித்தவர்கள், பால்கனி டப்பாக்களைப் பார்த்து, "இது என்ன, பாசியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்து கைக்குழந்தையாக டில்லிக்கு வந்தவர் அக்கா. புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தார். அப்பா பணியிலிருக்கும்போதே காலமாக, அதே அலுவலகத்தில் கருணை அடிப்படையில் எழுத்தராகச் சேர்ந்து என்னை ஆளாக்கினார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு என்னல கொற?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

ஓய்வுக்குப் பிறகு பிடித்த பைத்தியம்தான் பெரணி. பழைய படிக்கிணற்றுச் சுவரில் தானாக வளரும் பெரணியின் இலை ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவருவார். அதன் அடியிலிருந்து உதிரும், விதை போன்ற பழுப்புத் தூளை, வெந்நீர் ஊற்றி ஆறவைத்த செங்கல் பொடியில் தூவி, மிட்டாய்க்கடை டப்பாவில் மூடி வைப்பார். நர்சரியில் வாங்கலாமே என்றால், "போல, இவ டில்லிக்காரி. நம்ம கூடவே கோடையில லூ அனல் காத்தைத் தாங்குனவ" என்பார். முதலில் பாசிபோல ஒரு படலம். மாதங்கள் கழித்தே இலை. அதற்கு முன் மூடியைத் தொட்டால் தொலைந்தோம்.

சென்ற மழைக்காலத்தில் விதைத்த டப்பாவை விட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். பச்சை பிடித்துவிட்டது என்று சொன்னேன். மூச்சுக்குத் திணறிய நிலையிலும், "அச்சா... இலை வந்தா சொல்லுல" என்றார். அதன்பின் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

காரியத்துக்காக வீடு கழுவிய அன்று, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அந்த டப்பாவையும் தேய்த்துக் கழுவி, தண்ணீரைக் கூலருக்குக் கீழே சுவரோரம் ஊற்றிவிட்டார். "ஒரே பாசியால்லா கெடந்துச்சு ஐயா!" என்றவர், விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அக்காவை மறுபடியும் பறிகொடுத்ததுபோல இருந்தது.

மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த அக்காவின் அலுவலகத் தோழியருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்த பக்கத்து வீட்டு சர்தார்ஜிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அத்தைக்குத் தனியே ஒரு வார்த்தை. இனி அழாதீர்கள் அத்தை. கோடை முழுக்கக் கூலர் சொட்டி ஊறிய அந்தச் செங்கல் இடுக்கில், நீங்கள் கழுவி ஊற்றிய அதே இடத்தில், போன வாரம் ஒரு சின்னப் பச்சைச் சுருளைப் பார்த்தேன். நேற்று அது விரிந்துவிட்டது.

அக்கா, இலை வந்துட்டு.