மிளகு ஊற்று

வெள்ளிக்கிழமைகளில் கண்டி மார்க்கெட்டின் மிளகுக் கடைப் பக்கம் போகக்கூடாது என்று வைத்திருந்தேன். நேற்று மறந்துபோய்ப் போய்விட்டேன். கடைக்காரர் சாம்பிராணிச் சட்டியைச் சாக்குகளின் மேல் ஒரு சுற்றுக் காட்டினார். இரண்டு வாசனையும் சேர்ந்து வந்தன. தும்மினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தும்மல்தான் காரணம் என்று அவர் நினைத்தது நல்லதாகப் போயிற்று.

நானும் என் மனைவி சுகந்தியும் பழகியதே இந்த இரண்டு வாசனைக்கும் நடுவில்தான். அப்போது கல்யாணம் ஆகவில்லை. பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் வேலை. மிளகு காயவைக்க ஒரு கண்ணாடித் தூண் இருந்தது. அடிப்பாகம் புனல் மாதிரி குறுகும், அங்கே ஒரே ஓட்டை. அதன் வழியே சூடான காற்றை ஊதினால் நடுவில் இருக்கும் மிளகு மேலே பீறிட்டு, குடை மாதிரி விரிந்து, ஓரத்தில் விழுந்து, மெல்ல இறங்கி மறுபடி நடுவுக்கு வரும். முதல்நாள் மேலே வலை போட மறந்துவிட்டேன். கூடம் முழுக்க மிளகு மழை. அவள் தலைமுடியில் சிக்கியதைப் பொறுக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "நானே பொறுக்கிக்கிறேன், நீங்க மொதல்ல மோட்டர நிப்பாட்டுங்க" என்றாள்.

ஊதும் காற்றில் எவ்வளவு நடுவே போகிறது, எவ்வளவு ஓரத்து மிளகுக்குள் கசிகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். காற்று கண்ணுக்குத் தெரியாதே. சுகந்தி தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். வீட்டிலிருந்து சாம்பிராணி கொண்டுவந்து புகையைக் குழாயில் விட்டாள். கூடத்து உதவியாளர் திலகரத்ன செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"பூஜையா மிஸ்?"

"இல்ல ஐயா, காத்து எங்க போகுதுன்னு பாக்குறோம்."

ஆனாலும் அவர் செருப்பைப் போடவில்லை. நடுவில் புகை சீறிப் போனது. ஓரத்தில், மிளகுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஊர்ந்து ஏறியது. நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

அந்த மிளகு ஊற்றைக் கிளப்ப நிறையக் காற்று வேண்டும். கிளம்பிவிட்டால், குறைத்தாலும் ஓடும். எதுவரை குறைக்கலாம் என்று பார்க்க வால்வைத் திருகுவது என் வேலை. "மெதுவா, மெதுவா. நின்னுருச்சுன்னா திரும்பக் கெளப்புறது பெரும்பாடு" என்று பக்கத்திலேயே நிற்பாள்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் முகமூடி வழியே கொடுத்த ஒட்சிசனைச் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தாங்கினாள். முகமூடிக்குள்ளிருந்து சிரித்தாள். "பாத்தீங்களா, கொறச்சாலும் ஓடுது." நான் நம்பினேன். சாமி கும்பிட்டு நம்பியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். படித்ததை வைத்து நம்பினேன். வீட்டில் அவளுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம் ஒட்சிசனை மறுபடி கூட்டினார்கள். எவ்வளவு கூட்டியும் போதவில்லை.

கண்ணாடித் தூண் இப்போது அங்கே இல்லை. கணினித் திரையில் காற்றை நிறம் நிறமாகக் காட்டுகிறார்கள், யாருக்கும் தும்மல் வருவதில்லை. அதெல்லாம் போகட்டும். தெல்தோட்டை பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவள் ஒருநாளும் எனக்கு விட்டுத் தந்ததில்லை. முகத்தில் காற்று அடிக்க வேண்டும் அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அதற்குச் சண்டை. இப்போது குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினால் ஜன்னலோரம் காலியாகத்தான் இருக்கிறது. நான் பழையபடி நடைவழிப் பக்கமே உட்காருகிறேன். ஏறுகிறவர்கள், "கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்களேன்" என்கிறார்கள். எழுந்து அவர்களுக்கு வழி விடுகிறேன். நான் தள்ளி உட்காருவதில்லை.