ஒன்பதாவது அசை

கேளம்பாக்கத்து அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் ஸ்பானியக் காப்பீட்டுப் படிவங்களை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தவள் அமலராணி. அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது என்று போன ஜனவரியில் அவளை அனுப்பிவிட்டார்கள். கணவர் தேவானந்தம் இறந்து நாலு வருடமாகிறது. மகள் பிளஸ்ஸி புனேயில். ராஜகீழ்ப்பாக்கத்து மாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஸ்பானிய இலக்கியத்துக்கான ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். விபத்தும் இழப்பீடுமாகவே பழகிய மொழியில் கவிதை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

யார் எழுதியதென்று தெரியாத பழைய கதைப்பாட்டு ஒன்றைக் கொடுத்து, அதன் வடிவத்தையும் ஓசையையும் ஆராயச் சொன்னார்கள். வரிக்கு எட்டு அசை. இரட்டைப்படை வரிகளின் முடிவில் ஒரே உயிரொலிகள் திரும்பத் திரும்ப வரவேண்டும். அவை வந்தன. ஐந்தாவது வரியில் மட்டும் அசை ஒன்பதாக நின்றது. இரண்டு நாள் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தாள். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று பிளஸ்ஸியைக் கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை வாய்விட்டுப் படித்தாள். பேசாமலே கிடந்த தொண்டை கரகரத்தது. சத்தமாகப் படித்தாள்.

கீழ்வீட்டுக் கோகிலவாணி படியேறி வந்தாள். "யாராச்சும் வந்திருக்காங்களாக்கா? பேச்சுக் குரல் கேட்டுது."

யாருமில்லை என்று சொல்லி அவளை உட்காரவைத்தாள். தான் அந்த வரியைப் படிக்கப் படிக்க, ஒலி விழும் இடங்களை விரல்விட்டு எண்ணச் சொன்னாள். மொழி தெரியாத கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள்.

"எட்டுதான்கா வருது."

மறுபடி படித்தபோது அமலராணிக்கே பிடிபட்டது. ஒரு சொல்லின் கடைசி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் தாளில் தனித்தனியாக நின்றாலும், வாய்க்குள் ஒன்றாகிவிடுகின்றன.

"அந்தப் பாட்டுல என்னக்கா சொல்றாங்க?"

கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி துறைமுகத்தில் நிற்கிறாள் என்றாள் அமலராணி.

"வந்தாரா?"

"தெரியல. பாட்டு அதோட முடிஞ்சிடுது."

கோகிலவாணி எழுந்துகொண்டாள். காப்பி போடுகிறேன் என்றதற்கு, பையனை ஏற்றிவிடவேண்டும், ஸ்கூல் வேன் வந்துவிடும் என்று இறங்கிப் போனாள்.

கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பிளஸ்ஸிக்கு அனுப்பினாள், கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. கோகிலவாணியிடமாவது சொல்லலாமென்று கீழே இறங்கினாள். கதவு பூட்டியிருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து அவள் வரும்வரை காத்திருந்தாள்.