தொங்கானில் ஓர் அறை

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில், சுவாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்வெட்டு நின்றுபோயிருந்தது. மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று எல்லார் காலிலும் புண். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்த என் கணவரின் அண்ணன், இங்கே தேங்காயும் மீனும் கிடைக்கிறது, பிள்ளை பெறவாவது வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ரயிலில் போக அனுமதி கிடைக்கவில்லை. போர்ட் டிக்சன் கரையிலிருந்து வடக்கே சரக்கு கொண்டுபோகும் தொங்கான் ஒன்று ஆட்களையும் ஏற்றுவதாகக் கேள்விப்பட்டு, ஒரு நாள் காலை மூட்டை முடிச்சோடு அங்கே போய் நின்றோம்.

அது எஞ்சின் வைத்த பெரிய மரப்படகு. அதன் முதலாளி ஒரு சீனத் தவுக்கே. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசினார். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை அவர் கையால்கூடத் தொடவில்லை.

“சாமான் குடு. மேல ஒக்காந்தா நல்ல கைலி. கீழன்னா எதுனா குடு. பின்னால ரூம் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பட்டு, இல்லன்னா தங்கம்.”

மூன்றையும் பார்த்துவிட்டே முடிவு செய்வோம் என்றேன். கீழே சரக்கறையில் கணுக்கால் அளவு கருப்புத் தண்ணீர் நின்றது. அதில் ஊதிப்போன எலி ஒன்று மிதந்தது. பெலாச்சான் என்கிற இறால் விழுது டின்களின் நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. ஏணியில் பாதியிலேயே திரும்பிவிட்டேன். மேல்தட்டில் ஒரு கித்தானைக் கட்டியிருந்தார்கள். அதன்கீழ் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் ஆண்கள். பின்னால் இருந்த அறை ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். சுவரெல்லாம் வெற்றிலை எச்சில். மூலையில் யாரோ எடுத்த வாந்தி காய்ந்து கிடந்தது. படுக்கும் பலகையில் மனித அழுக்கு மெழுகு மாதிரிப் படிந்திருந்தது. நான் கையை வைத்ததும் கரப்பான்கள் நாலா பக்கமும் ஓடின. ஆனால் அதற்கு ஒரு கதவு இருந்தது.

“மேலயே ஒக்காந்துக்கலாம் புள்ள” என்றார் கணவர்.

“வவுத்தத் தள்ளிக்கிட்டு, அவசரத்துக்கு அத்தன ஆம்பளைங்க முன்னால நான் எங்க போவேன்?”

என்னிடம் இருந்த ஒரே பட்டு என் கூறைப்புடவை. அதை எடுத்துக் கொடுத்தேன். தவுக்கே மீன் செதில் ஒட்டிய விரல்களால் அதைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“நல்ல சாமான் லா” என்றார்.

எனக்கு உடம்பு கூசியது.

தேங்காய் மட்டையும் கடல் தண்ணீரும் கொண்டு அந்த அறையைத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு முறை வெளியே ஓடிப்போய்க் குமட்டிவிட்டு வந்தேன். பலகையில் பாயை விரித்து உட்கார்ந்தபோதுதான் எங்கள் தோட்டத்துக் கிராணி மனைவியோடு வாசலில் வந்து நின்றார்.

ஆபீஸில் கணக்கெழுதும் அவர்தான், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பேர் எழுதிக் கொடுத்தவர். அப்படிப் போன ஆண்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அடுத்து கிராணிமார்களையும் சயாமுக்குக் கேட்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அதனால்தான் அவர் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

“யாரு, நம்ம ஆளா? ரூமக் கழுவியும் வச்சிருக்கீங்க. நல்லதாப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் மேல போங்க.”

“நாங்க சாமான் குடுத்துருக்கோம், ஐயா” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரைப் பார்த்தார். “ஜப்பான் ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இந்தத் தொங்கானே கெளம்பாது. தெரியும்ல?”

ஆபீசருக்குப் பயந்து ஓடி வந்தவர் ஆபீசரின் பேரைச் சொல்லி எங்களை மிரட்டினார். அதைவிட என்னை அருவருக்க வைத்தது என் கணவரின் கைகள். அவை தாமாகவே கூப்பிக்கொண்டன. “சரிங்கய்யா” என்று பாயைச் சுருட்டத் தொடங்கினார். கிராணியின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனாள். அவள் பொத்தியது அறையின் நாற்றத்துக்காக இல்லை.

நான் தவுக்கேயிடம் போனேன். “ரூம் இல்லன்னா என் சீலயக் குடுங்க.”

“அவன் ஜப்பான் ஆளத் தெரிஞ்சவன். நான் என்ன செய்ய?”

“சீலயக் குடுங்க.”

“மேல ஒக்காருறல்ல? அதுக்கும் சாமான் வேணுமே” என்றவர், மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். மடித்திருந்த புடவையின் நடுவே ஒரு வெட்டு வைத்துக் கையால் கிழித்தார். பட்டு கிழியும் சத்தத்தில் மேலே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பாதியை என் தோளில் போட்டுவிட்டுப் போனார். அதில் மீன் இரத்தம் பட்டிருந்தது.

“விடு புள்ள, உசுரு இருந்தாப் போதும்” என்றார் கணவர். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

படகு ஆழத்துக்குப் போனதும் ஆடத் தொடங்கியது. மத்தியான வெயிலில் அந்த மரப்பெட்டி வெந்திருக்க வேண்டும். அறைக்கதவு திறந்தது, கிராணி முகம் வெளிறி, சட்டை முழுக்க வாந்தியோடு மேலே வந்தார். கித்தான் நிழலில் என் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சயாமுக்குப் போனவன். கிராணி அந்த இடத்தை நோக்கி வந்ததும் அவள் அங்கே காலை நீட்டினாள். வேறு யாரும் நகரவில்லை. நின்று பார்த்துவிட்டு அவர் திரும்ப அந்த அறைக்கே போனார்.

சற்றுநேரத்தில் அவர் மனைவி தவழ்ந்தே வந்தாள்.

“தங்கச்சி, கொஞ்சம் நவுந்துக்கம்மா. செத்துருவேன் போல இருக்கு.”

காலையில் மூக்கைப் பொத்தியவளுக்கு நான் இப்போது தங்கச்சி. ஆனாலும் நகர்ந்தேன். தலையைச் சாய்த்த வேகத்தில் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். சூடாகத் தொடையில் இறங்கியது. அருவருப்போடு துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் என் காதோரம் முனகினாள்.

“ஒங்க வீட்டுக்காரரு பேரும் சயாமுக்கு எழுதியிருந்துச்சு. நான்தான் சொல்லி எடுக்க வச்சேன். மறந்துடாத.”

பாயில் ஒரு முழம் இடத்துக்கு அவள் கொடுத்த விலை அது. ஒரு பேரை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு பேரை எழுதித்தானே ஆக வேண்டும்? நான் பக்கத்தில் நீட்டியிருந்த அந்தக் கால்களைப் பார்த்தேன். புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் கடலைப் பார்த்தபடி இருந்தாள். எதுவும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலை கோலசிலாங்கூரில் அந்த லயத்துப் பெண் இறங்கினாள். “நல்லபடியாப் பெத்துக்க புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனாள். கிராணியும் மனைவியும் அங்கேதான் இறங்கினார்கள். படகு மறுபடி புறப்பட்ட பிறகு, கிராணியின் மனைவி தன்னால்தான் நீங்கள் சயாமுக்குப் போகாமல் தப்பினீர்கள் என்கிறாளே, உண்மையா என்று கணவரிடம் கேட்டேன்.

“அவ பொய் சொல்றா” என்றார். “நம்ம கோழி ரெண்டையும் கிராணிக்குக் குடுத்தேன்.”

கீரி பிடித்துக்கொண்டு போனதாக என்னிடம் சொல்லியிருந்த கோழிகள் அவை.

“ஒங்களுக்குப் பதிலா யாரு பேர எழுதுனாங்க?”

அவர் வெகுநேரம் கடலில் துப்பிக்கொண்டே இருந்தார். “அதக் கேக்காத” என்றார்.

அது யார் என்று அவருக்குத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

பாகான் டத்தோவில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். சண்டை முடிந்தது. கிராணி வேறொரு தோட்டத்தில் மறுபடியும் மேசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். என் கணவர் குடிக்காதவர். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. பிள்ளைகளை நன்றாக வளர்த்தார். அவர் உயிரோடு இருந்ததால்தானே எனக்கு ஒரு குடும்பம் இருந்தது என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவர் யார் முன்னாலாவது கைகூப்பி நின்றால், கோயிலாகவே இருந்தாலும், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.