மாலை கழற்றிய அன்று

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் நிம்மதி பிறக்கும். முதல் தேதியே மாலை போட்டுவிடுவேன். கறுப்பு வேட்டி, காலையில் குளியல், தரையில் படுக்கை. வருஷம் முழுக்கக் குடித்தவன் ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடமாட்டேன். தறி செட்டில் எல்லோரும் என்னைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். ‘மெக்கானிக் நினைச்சா நிப்பாட்டிருவாம்வே’ என்று பேச்சு. நானும் அதை நம்பினேன்.

மலைக்குப் போய் வந்து குருசாமி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் இருப்பேன். நாற்பத்தெட்டு நாளுக்கும் சேர்த்துக் குடிப்பேன். ஒரு வருஷம் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டிய அரவணைப் பாயசம் டப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தேன். அந்த வருஷத்திலிருந்து, மாலை கழற்றும் நாளில் என் மனைவி பைக் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவாள். என்ன புண்ணியம்? கடைக்கு நடந்தும் போகலாமே.

போன சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் ரத்த வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, “குடிய விட்டவங்க கூட்டம் ஒண்ணு நடக்கு. பேரு, ஊரு ஒண்ணும் கேக்கமாட்டாங்க. ஞாயித்துக்கிழம ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷன் ரோட்டில் டைப்பிங் கிளாஸ் இருக்கும் கட்டடம். சீட்டில் அவ்வளவுதான்.

இந்தத் தடவை மாலை கழலுவதற்குள் அங்கே போய்விட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு நான் இருக்கமாட்டேன் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

ஆனால் ஞாயிறுகளைத் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மலைக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் போனேன். கட்டடத்தை மேலும் கீழும் அண்ணாந்து பார்த்தேன், போர்டு எதுவும் இல்லை. வாசலில் நின்றவரிடம், “இங்கன கூட்டம் எங்க நடக்கு?” என்றேன். என் கழுத்தைப் பார்த்தார்.

“உள்ள வாங்க சாமி. இப்பந்தான் ஆரம்பிச்சிருக்கு.”

உள்ளே பஜனை. கழுத்தில் மாலையோடு, ‘இது இல்ல, குடிகாரங்க கூட்டம் எங்க?’ என்று எந்த வாயால் கேட்பது? ஒன்றரை மணி நேரம் சரணம் சொல்லி, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு உஷாராகப் போனேன். பக்கவாட்டு மாடிப்படியில் ஆட்கள் ஏறுவது தெரிந்தது. முதல் படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து குருசாமியின் குரல். “சாமி, அங்க எங்க போறிய? பஜனை இங்கன.” மறுபடியும் சுண்டல்.

மலைக்குப் போய் வந்தோம். திரும்பி வந்ததும் ஒரு ஞாயிறு காலையில்தான். குருசாமி மாலையைக் கழற்றக் கை நீட்டியபோது என் மனைவி வாசலில் நின்று, “இன்னும் ஒரு மண்டலம் போட்டுக்கிடுங்களேன். இன்னிக்குக் கழட்டாதிய” என்றாள். கூட மலைக்கு வந்த சாமிகள் அத்தனை பேருக்கும் முன்னால். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது நியாயம் என்பதால்தான் அவ்வளவு கோபம்.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தேன். கடைக்கும் ஸ்டேஷன் ரோட்டுக்கும் ஒரே வழி. கடையைத் தாண்டும்போது முதுகெல்லாம் வியர்த்தது. பஜனை ஹால் பூட்டிக் கிடந்தது. என்னைப் பிடித்து இழுக்க யாரும் இல்லாதபோதும் படியேறத் தைரியம் வரவில்லை. நின்றேன்.

மேலேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “வாங்க அண்ணாச்சி. முன்னாடியே ரெண்டு ஞாயிறு ஒங்களப் பாத்தேன். மேல மேல பாப்பிய, பொறவு கீழ போயி ஒக்காந்துக்கிடுவிய.”

“தெரிஞ்சிருந்தா கூப்பிட வேண்டியதுதான வே?” என்று எரிந்து விழுந்தேன்.

“மாலை போட்ட சாமிய குடிகாரக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா கீழ உள்ளவுக என்னைச் சும்மா விடுவாவளா?”

சிரித்துவிட்டேன். சிரித்தபடியே ஏறியதால்தான் ஏற முடிந்தது.

டைப்ரைட்டர்களுக்கு உறை போட்டிருந்தது. ஏழு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். என் முறை வந்தபோது, “மாலை போட்டா நான் குடிக்கமாட்டேன்” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர்களும் வருஷாவருஷம் மாலை போட்டவர்கள்தானாம். அவர்களில் ஒருவர் கேட்டார்: “எப்பக் கழட்டுனிய?”

“இன்னிக்குக் காலையில.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் கடையைத் தாண்டி என் தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றித்தான் வழியெல்லாம் பேச்சு. அந்த மனிதரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.

இந்த வருஷமும் மாலை போட்டேன். மலைக்குப் போய் வந்தேன். குருசாமி மாலையைக் கழற்றிவிட்டுக் காபி கேட்டார். என் மனைவி அடுக்களைக்குள் போய் அரிசி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பைக் சாவியை என் கையில் வைத்தாள். அதில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது.

“பால் இல்ல. ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

பால் கடை அந்தக் கடைக்கு அடுத்த கடை. அவளுக்கும் அது தெரியும்.