மரகதம் டீச்சர் வகுப்பில் விடைத்தாள்கள் கை மாறும்

சனிக்கிழமை காலை போடி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது தலைமையாசிரியர் அழைத்தார். “மரகதம் டீச்சர் போயிட்டாங்க சார்.” எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை. சிறுநீரகம் பழுதாகித் தேனியில் சிகிச்சையில் இருந்தார். மறுநாள் அவரைப் பார்க்க யமுனா, செல்வி என்ற இரண்டு மாணவிகளை அழைத்துப் போவதாக இருந்தேன். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

நான் கணக்கு வாத்தியார். எனக்குப் பயந்து உயிரியல் பிரிவுக்கு ஓடும் பிள்ளைகள், டீச்சரிடம் போய்க் கணக்கிலேயே மாட்டிக்கொள்வார்கள். விகிதம், சதவீதம், வரைபடம் எதையும் அவர் விட மாட்டார். போட்டு முடித்ததும் விடைத்தாள்கள் பக்கத்துப் பெஞ்சுக்குப் போகும். மதிப்பெண் போடக் கூடாது. எந்த வரியில் வழி தவறியது, ஏன் என்று ஓரத்தில் எழுத வேண்டும்.

ஒருமுறை வெங்காயச் செல்லின் உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். படத்தின் நீளம் நாற்பது மில்லிமீட்டர், செல்லின் நீளம் இருநூறு மைக்ரோமீட்டர். அலகை மாற்றாமல் வகுத்து 0.2 என்று எழுதியிருந்தாள் யமுனா. “உன் கணக்குப்படி படத்தைவிட செல்லுதான் பெருசு. அலகைப் பாருடி” என்று எழுதிக் கொடுத்தாள் தோழி செல்வி.

மறுநாளே யமுனாவின் அப்பா வந்துவிட்டார். குரங்கணியில் ஜீப்பு ஓட்டுபவர். “புள்ளய உங்கள நம்பித்தான அனுப்புறோம்? கூடப் படிக்கிறவ எழுதி அசிங்கப்படுத்தவா?” டீச்சர் கோபப்படவில்லை. “மார்க்கு நான்தாண்ணே போடுவேன். எங்க தப்புன்னு தேடுறதுதான் அதுக சோலி. செத்த நேரம் உள்ள வந்து உக்காருங்க.”

அப்பா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று ஏலக்காய் விதை முளைப்புச் சதவீதம். செல்வியின் தாள் யமுனாவிடம் இருந்தது. முளைத்த விதைகளின் எண்ணிக்கையை முளைக்காதவற்றின் எண்ணிக்கையால் வகுத்திருந்தாள் செல்வி. “மொத்த விதையாலல்ல வகுக்கணும்?” என்று யமுனா எழுந்து நின்று விளக்கினாள். வெளியே வந்த அப்பா, “வீட்ல வாயே தெறக்க மாட்டா டீச்சர்” என்றார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது டீச்சரின் முகம் வீங்கியிருந்தது. “புள்ளைகளுக்கு அலகு மாத்த வந்துருச்சா சார்?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். “நீங்க சொல்லாதீக. அதுகளக் கூட்டியாங்க, அதுகளே சொல்லட்டும்.” அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சடங்குக்குத்தான் போனோம். பிள்ளைகளை யமுனாவின் அப்பாவே ஜீப்பில் ஏற்றி வந்தார்.

அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். கரும்பலகையில் ஒரு பிள்ளை தவறிழைத்தால், சரியான விடை தெரிந்தும் டீச்சர் பேசாமல் நிற்பார். வகுப்பே தேடிக் கண்டுபிடிக்கும்வரை நிற்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மௌனத்தைத்தான். இப்போது அவர் வகுப்பையும் நான்தான் பார்க்கிறேன். விடை நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.