ஆல்வின் கிரெப்பின் கட்டை விரல்

ஆல்வின் கிரெப் செத்தால் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னிடம் வராதீர்கள் என்று, குட்டி விமானங்கள் செய்கிற எங்கள் மாடல் கிளப்பில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். அவன் சாகிற மாதிரியும் தெரியவில்லை. எழுபத்தாறு வயதிலும் குத்துக்கல் மாதிரி இருக்கிறான்.

ரேமண்ட் டெரஸ் என்ற எங்கள் ஊரில் சாரணர் கொட்டகைதான் எங்கள் கிளப். மாதம் ஒரு சனிக்கிழமை காலை கூடுவோம். பக்கத்து விமானப்படைத் தளத்தில் முப்பத்தோரு வருடம் தகடு வேலை பார்த்தவன் ஆல்வின். "நிஜ ஜெட்டோட தோலைத் தொட்டவன் இங்க நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை வாங்குவான். அவன் மனைவி ஊனா, "அந்த டார்ச்சையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு டாஸ்மேனியாவில் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவேயில்லை. புத்திசாலி.

அந்த டார்ச் எதற்கென்றால், வெள்ளி பூசிய மாடல்களுக்குப் பதினோரு வருடமாக அவன்தான் நடுவர். வெள்ளிப் பூச்சு பொல்லாதது. முதலில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று கறுப்பு அடிக்கவேண்டும். அதன்மேல் வெள்ளியைப் புகை மாதிரி ஊதி ஊதிப் படியவிடவேண்டும். கறுப்பில் வெறும் விரல் பட்டால் தீர்ந்தது, ரேகை வெள்ளிக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். மேலே காப்புப் பூச்சு அடித்தால் மினுமினுப்பு செத்துவிடும் என்பதால் முடிந்த பிறகும் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை. ரேகை இருந்தால் பரிசு இல்லை. ஆல்வின் போட்ட சட்டம் அது.

பரிசு என்பது, போர்வீரர் சங்கக் கட்டட வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி. வருடத்துக்கு ஒரே ஒரு விமானம்தான் அதில் நிற்கும். என் அப்பா சேபர் விமானங்களுக்குக் குண்டு ஏற்றியவர். அந்தப் பெட்டியில் ஒரு சேபர் நிற்கவேண்டும், அது நான் செய்ததாக இருக்கவேண்டும். பள்ளி பஸ் ஓட்டுகிற எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் என் சேபரைக் கொண்டுபோய் வைத்தேன். எட்டு மாத வேலை. ஆல்வின் குனிந்து டார்ச் அடித்தான்.

"இடது இறக்கையில ரேகை. பஸ் ஸ்டியரிங்னு நெனச்சுப் புடிச்சிட்டியா அம்மணி?"

கொட்டகையே சிரித்தது. நான் எவ்வளவு உற்றுப்பார்த்தும் எதுவும் தெரியவில்லை. ஆனால் பார்த்தது ஆல்வின் ஆயிற்றே, என் கண்ணாடிதான் பழசு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அடுப்புக் கரி நீக்குகிற திரவத்தில் சேபரை முக்கி, வெறும் பிளாஸ்டிக்காகும்வரை உரித்தேன். அழுதுகொண்டே உரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஆல்வின் தானே ஒரு மிராஜ் விமானம் செய்து போட்டிக்கு வைத்தான். தன் மாடலுக்குத் தானே நடுவராக இருக்கமுடியாது. தலைவர் பெவன் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டார்.

வலது இறக்கையின் நடுவில் பெரிய கட்டை விரல் ரேகை. டார்ச்சே வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

"ரேகை இருக்கு ஆல்வின்."

"ஒளறாத. எங்க?"

"வலது இறக்கையில."

டார்ச்சைப் பிடுங்கினான். மூக்கு இறக்கையில் இடிக்கிற மாதிரி குனிந்தான். வெளிச்சம் ரேகையின் மேல் நேராக விழுந்தது. "எங்கடி? எங்க இருக்கு?" என்றான்.

பெவன் மெதுவாகச் சொன்னார்: "இருக்குப்பா. எனக்கே தெரியுது."

"நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்று மூன்று வருடமாக அவன் காரை எடுக்காததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. பாவி, கண் தெரியாமலேதான் என் சேபருக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்! அவன் மிராஜுக்கு முட்டை போட்டேன். இரக்கம் வந்ததா என்றால், துளிகூட இல்லை.

இந்த வருடம் அவன் மறுபடியும் டார்ச்சோடு வந்து நின்றான். வேண்டாம் என்று சொல்ல பெவனுக்குத் தைரியம் இல்லை. நான் சேபருக்குப் புதிதாக வெள்ளி பூசி, கையுறை போட்டுத் தூக்கிவந்து மேசையில் வைத்தேன். வாசலில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

டார்ச் இறக்கைமேல் போய் வந்தது.

"ரேகை இருக்கு" என்றான்.

"எங்க?" என்றேன்.

"இடது இறக்கையில."

"இடது இறக்கையில எங்க? எல்லாரும் பாக்கட்டும், காட்டு."

"உனக்குக் கண்ணு தெரியலன்னா நான் என்ன பண்ண?"

"யாருக்குக் கண்ணு தெரியல ஆல்வின்? வெரல நீட்டிக் காட்டு."

அவன் கழுத்து சிவந்தது. கையை நீட்டினான். கையுறை இல்லை. பதினோரு வருடத்தில் ஒருவர் மாடலையும் தொடாத ஆள், என் இடது இறக்கைமேல் கட்டை விரலை வைத்து அழுத்தினான்.

"இங்க" என்றான்.

விரலை எடுத்தபோது ரேகை இருந்தது, சுழி சுழியாக, அச்சு எடுத்த மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. பெவன் டார்ச்சை அவன் கையிலிருந்து வாங்கி அணைத்துவிட்டு, பரிசு சேபருக்குத்தான் என்றார்.

சேபர் இப்போது கண்ணாடிப் பெட்டியில் நிற்கிறது. "மெல்லிசு துணியால ஒரு தேய் தேய்ச்சா போயிடும் கிளெனிஸ், தொடச்சிடு" என்று பெவன் மூன்று தடவை சொல்லிவிட்டார். நான் துடைக்கவில்லை. ஆல்வின் வாரத்துக்கு ஒருமுறை வந்து பெட்டிமுன் நிற்கிறான் என்று சங்கத்தில் சொன்னார்கள். நிற்கட்டும். அவனுக்கு அது தெரியவா போகிறது?