வாதி ஜெனிதா ஆஜர்

சீனிவாசபுரத்து ஜெனிதா, கோட்டூர்புரம் குடியிருப்புகளில் வாசல் வாசலாக மீன் விற்பவள். பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ் பொதுவழியை அடைத்துச் சுவர் எழுப்பியதிலிருந்து, கூடையைச் சுமந்துகொண்டு ஐந்து வீடு சுற்றித்தான் அவளால் தெருவுக்கு வர முடிந்தது. நயமாகக் கேட்டுப் பார்த்தாள். ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். கடைசியில் வழக்குப் போட்டாள். ஆழ்வார்பேட்டை வக்கீல் ஜலஜா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால், இரண்டு வருஷமாக அவள் கோர்ட்டுக்கு அலையவில்லை, வியாபாரமும் கெடவில்லை.

அந்த ஜலஜாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் திரும்பவில்லை. வழக்கிலிருந்து விலகுவதாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜெனிதாவுக்கும் கடிதம் அனுப்பினார். மகள் அஸ்வினி அதைப் படித்தாள்.

"வக்கீல் இல்லாங்காட்டி கேஸு அப்டியே நிக்கும்ல?" என்றாள் ஜெனிதா.

"நிக்காதும்மா. கேஸ் போட்டது நீ. பன்னெண்டாம் தேதி வேற வக்கீல் வரணும், இல்ல நீயே போய் நிக்கணும். ரெண்டும் இல்லேன்னா தள்ளுபடி ஆயிடும்னு எழுதிக்கீறாங்க."

பன்னிரண்டாம் தேதி அவள் மீன் எடுக்கப் போகவில்லை. ஒன்பது மணிக்கே பாரிமுனை கோர்ட்டுக்குப் போய்விட்டாள். எங்கே நிற்பதென்று தெரியாமல் கடைசிச் சுவரோரமாக நின்றாள். டவாலி அவள் பெயரைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு. அவள் வாய் திறப்பதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வாதி தரப்பில் யாருமில்லை, தள்ளுபடி செய்யலாம் என்றார்.

"நான் கீறேன் ஐயா" என்று பின்னாலிருந்து சொன்னாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

நீதிபதி அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். இலவச சட்ட உதவிக்கு மனுப் போடச் சொன்னார். "வக்கீல் கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கதான் வரணும்மா. மறந்துடாதீங்க."

அவள் மறக்கவில்லை. மூன்றாவது வாய்தாவில் மஹதி என்ற இளம் வக்கீல் அமர்த்தப்பட்ட பிறகும் போவதை நிறுத்தவில்லை. யார் எப்போது விலகுவார்கள் என்று யார் கண்டது?

குறுக்கு விசாரணை வந்தது. "அங்க எப்பவுமே வழி கிடையாது, பத்து வருஷமா சுவர்தான் இருக்கு, சரிதானே?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

ஜெனிதா கொஞ்சம் யோசித்தாள். "நாலு வருஷம் முன்ன எங்க வூட்டுக்காரர் மிக்கேல் செத்தாரு. பெட்டிய அந்த வழியாதான் கல்லறைக்குத் தூக்கினு போனாங்க. தலமாட்டுல இடது பக்கம் தூக்கினது ஆரோக்கியராஜுதான். சுவர் இருந்தா எப்டிப் போயிருப்பாரு? அவரையே கேளுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியராஜ் தலை நிமிரவில்லை. வக்கீல் வேறு கேள்விக்குப் போனார்.

அடுத்த வாய்தாவில் ஆரோக்கியராஜ் தரப்பே சமாதானத்துக்கு வந்தது. மூன்றரை அடி வழி விடுவதாகச் சமாதானப் பத்திரத்தில் எழுதியிருந்தது. மஹதி படித்துக் காட்டியதும், "கதவு, பூட்டு எதுவும் போடக் கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்கம்மா" என்றாள் ஜெனிதா. எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

பத்தே நாளில் சுவர் உடைந்தது. இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்துவிட்டால், ஆரோக்கியராஜ் ஓரமாக ஒதுங்கிக் கூடைக்கு வழி விடுகிறான்.